கூகுளில் தேடியும் கிடைக்கவில்லையா? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் சின்னதாக ஒரு கணினி மையம் நடத்துகிறேன். பட்டா, ரயில் டிக்கெட், செடிக்கு வந்த நோய், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று எல்லாத் தேடலும் என் மேசைக்கு வந்துதான் போகும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். கூகுளை வைத்தே பேசியிருக்கிறேன். மற்றத் தேடுபொறிகளிலும் பெரும்பாலானவை அப்படியே செல்லும். கீழே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளையும் இணைய முகவரிகளையும் நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

கூகுளுக்கு எல்லாம் தெரியுமா?

தெரியாது. அதன் நிரல்கள் இணையத்தில் ஓயாமல் சுற்றி, திறந்து கிடக்கும் பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பெரிய அட்டவணை போட்டு வைத்திருக்கின்றன. நீங்கள் தேடும்போது அது புரட்டுவது அந்த அட்டவணையைத்தான். யாரும் எழுதாத விஷயம் அதில் இருக்காது.

அப்புறம் வரிசை. ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-ல் கூகுளைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் எத்தனை இணைப்பு கொடுத்திருக்கின்றன, கொடுத்தவை எப்படிப்பட்டவை என்று பார்த்து மதிப்புப் போடுவதுதான் அவர்களுடைய அடிப்படை யோசனை. இன்றைக்கு இன்னும் நிறைய கணக்குகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் மேலே வருவது பலர் நாடும் பக்கம். அது சரியான பக்கமாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. "ஊட்டி" என்று தேடுகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா வருகிறவர்கள். அதனால் ஊட்டி என்ற சொல்லைப் போட்ட உடனே ஹோட்டலும் காட்டேஜும் வந்து குவியும். ஊர்க்காரர்களுக்கான தகவல் வேண்டுமென்றால் அரசும் பத்திரிகைகளும் எழுதுகிற மாதிரி "உதகமண்டலம்" அல்லது "உதகை" என்று போடுங்கள். "ஊட்டி வீட்டு வரி" என்பதைவிட "உதகமண்டலம் நகராட்சி சொத்து வரி" சீக்கிரம் வழி காட்டும்.

கேள்வியை முழுசாக அடிக்கலாமா, சொற்களை மட்டும் போட வேண்டுமா?

இரண்டும் செல்லும். பேசுவது போலக் கேட்டாலும் இப்போது புரிந்துகொள்கிறது. ஆனால், பதில் இருக்கும் பக்கத்தை எழுதியவர் என்ன சொல் போட்டிருப்பார் என்று ஒரு நொடி யோசித்துவிட்டு அடித்தால் கிடைப்பதே வேறு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மழைக்காலத்தில் அடிக்கடி வரும் கேள்வி: கொழுந்தில் கொப்பளம் கொப்பளமாக இருக்கிறது, என்ன மருந்து? "டீ இலை கொப்பளம் மருந்து" என்று அடித்தால், மனிதர் தோலில் வரும் கொப்பளத்துக்கு டீத்தூள் வைத்தியம்கூட வந்து நிற்கலாம். எழுத்தாளர் உங்கள் தோட்டத்தைப் பார்த்து எழுதவில்லை. வேளாண் விஞ்ஞானி நோயின் பெயரைப் போட்டு எழுதியிருப்பார். அதனால் இரண்டு படியாகத் தேடுங்கள். முதலில் பெயரைக் கண்டுபிடிக்க: "தேயிலை நோய்கள் மழைக்காலம் இளம் இலை". இதில் "கொப்புள நோய்" என்ற பெயர் கிடைக்கும். ஆங்கிலத்தில் பிளிஸ்டர் பிளைட். இலையின் மேல்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைத்திருந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸோபசிடியம் வெக்சான்ஸ் என்ற பூஞ்சையின் வேலை. பெயர் கையில் வந்த பிறகு "தேயிலை கொப்புள நோய் கட்டுப்பாடு" என்று இரண்டாவது தேடல். முதல் தேடலில் மருந்து கேட்டவர்கள்தான் கடைக்காரர் விளம்பரத்தில் போய் மாட்டுகிறார்கள்.

இதே முறை உடம்பு நோய்க்கும், வண்டிக் கோளாறுக்கும், அரசுத் திட்டத்துக்கும் பொருந்தும். திட்டம் என்றால் முதலில் அதன் முழுப் பெயர், பிறகுதான் தகுதியும் விண்ணப்பமும்.

தமிழில் தேடுவதா, ஆங்கிலத்தில் தேடுவதா, தங்கிலீஷிலா?

தேடுகிற விஷயத்தைப் பொறுத்தது. உள்ளூர்ச் செய்தி, பள்ளி விடுமுறை, அரசு அறிவிப்பு, இலை விலை என்றால் தமிழ். நோய், மருந்து, இயந்திரம், ஆராய்ச்சி என்றால் ஆங்கிலத்தில்தான் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். தங்கிலீஷில் அடித்தால் யூடியூப் காணொளிகள் நன்றாக வரும், ஏனென்றால் தலைப்பு வைப்பவர்களும் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆங்கிலம் வராது என்று விட்டுவிட வேண்டாம். தமிழில் பெயரைக் கண்டுபிடித்து, ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடி, வரும் பக்கத்தை உலாவியிலேயே தமிழாக்கிப் படிக்கலாம். மொழிபெயர்ப்பு கொஞ்சம் கோணலாக இருக்கும். மருந்தின் அளவு மாதிரியான எண்களை மட்டும் மூலப் பக்கத்தோடு ஒத்துப் பாருங்கள்.

தமிழிலேயே ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொற்கள் ஓடுகின்றன. பத்திரிகைகளில் "பசுந்தேயிலை" என்றும் வரும், "பச்சைத் தேயிலை" என்றும் வரும். ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும். சிறு விவசாயிகளுக்கான பசுந்தேயிலை விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது, அதனால் தேடும்போது மாதத்தையும் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்து இன்னொரு வம்பு. உதகமண்டலத்தை நடுவில் எச் போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்களில் ஊட்டகமண்ட் என்று இருக்கும், நீலகிரிக்கு நீல்கெர்ரி என்ற எழுத்தும் உண்டு. பாட்டன் காலத்து எஸ்டேட் பற்றித் தேடுகிறவர்கள் அந்தப் பழைய எழுத்தைப் போட்டுப் பாருங்கள், புதையல் கிடைக்கும். ரயிலுக்கு மட்டும் குழப்பமே இல்லை: நிலையக் குறியீட்டைப் போட்டால் போதும். உதகைக்கு யுஏஎம், குன்னூருக்கு ஓஎன்ஆர், மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி.

கூடலூர் என்று தேடினால் தேனி மாவட்டம் வருகிறது, என்ன செய்வது?

கம்பம் பக்கத்திலும் ஒரு கூடலூர் இருக்கிறதே! கூகுள் மேல் தப்பில்லை. "கூடலூர் நீலகிரி" என்று மாவட்டத்தைச் சேர்த்துப் போடுங்கள். அப்படியும் வந்தால் கழித்தல் குறியைப் பயன்படுத்துங்கள்: கூடலூர் -தேனி -கம்பம். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கூடாது, குறிக்கு முன்னால் இடைவெளி வேண்டும். முகவரியோ கடையோ தேடினால் அஞ்சல் எண்ணைப் பாருங்கள். நம்முடையது 643-ல் தொடங்கும், தேனிக்காரர்களுடையது 625-ல்.

பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு "அருகில் உள்ள மருத்துவமனை" என்று தேடினால் வயநாட்டு முடிவுகள் கலந்து வரும். எல்லை பக்கம்தானே, சில நேரம் அதுவே உபயோகம். ஆனால் கோவையோ சென்னையோ வந்தால் போனில் இருப்பிடம் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். ஜிபிஎஸ் இல்லாதபோது இணைய இணைப்பின் முகவரியை வைத்து ஊரைக் கணிக்கிறது, மொபைல் நெட்டில் அந்தக் கணிப்பு பெரிய நகரத்தைக் காட்டிவிடும். இருப்பிடத்தை இயக்குங்கள், அல்லது "அருகில்" என்பதை விட்டுவிட்டு ஊர்ப் பெயரையே அடியுங்கள்.

மேற்கோள் குறி, சைட், ஃபைல்டைப் என்கிறார்களே, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். என்னைக் கேட்டால் இரண்டு போதும்.

ஒன்று சைட். அந்த ஆங்கிலச் சொல்லை அடித்து, ஒட்டினாற்போல முக்காற்புள்ளி வைத்து, ஒட்டினாற்போல தளத்தின் முகவரி, பிறகு இடைவெளி விட்டுத் தேடும் சொல். வேளாண் பல்கலைக்கழகத் தளத்துக்குள் மட்டும் கேரட் பற்றித் தேட, முகவரி இருக்க வேண்டிய இடத்தில் டிஎன்ஏயு டாட் ஏசி டாட் இன் என்று போட வேண்டும். தமிழக அரசுத் தளங்களுக்குள் மட்டும் என்றால் டிஎன் டாட் கவ் டாட் இன். ஒரே அடியில் விளம்பரக் குப்பை எல்லாம் போய்விடும். பல அரசுத் தளங்களில் இருக்கும் தேடல் பெட்டியைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று இரட்டை மேற்கோள் குறி. உள்ளே போட்ட சொற்கள் அதே வரிசையில் இருக்கும் பக்கங்களை மட்டும் கேட்கிறோம். ஆங்கிலத்தில் இது கத்தி மாதிரி வேலை செய்யும். தமிழில் கொஞ்சம் கவனம் வேண்டும். "குன்னூர் நகராட்சி" என்று குறிக்குள் போட்டால், "குன்னூர் நகராட்சியில்", "குன்னூர் நகராட்சிக்கு" என்று எழுதிய பக்கங்கள் தவறிவிடக்கூடும். நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது, எழுத்தும் மாறிவிடுகிறது. அதனால் உருபு ஏறாத பெயர்கள், ஆள் பெயர், அரசாணை எண் போன்றவற்றுக்கு மட்டும் மேற்கோள் குறியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைல்டைப் போட்டு பிடிஎஃப் என்று கேட்டால் விண்ணப்பப் படிவமும் அரசாணையும் கிடைக்கும். தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. கூட்டல் குறி போட்டுத் தேடுவது 2011-லேயே கூகுளில் போய்விட்டது. பழைய கணினிப் புத்தகங்களில் இருந்தால் தாண்டிப் போங்கள்.

அரசாணை இருப்பது நிச்சயமாகத் தெரியும். தமிழில் தேடினால் வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பழைய தமிழ் பிடிஎஃப்கள் பல, இப்போது எல்லாக் கணினியும் பயன்படுத்தும் பொதுக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு உள்ளே அது சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளின் வரிசை. வேறு சில வெறும் ஸ்கேன் படங்கள், அவற்றில் எழுத்தே இல்லை என்று சொல்லலாம். இப்படிப்பட்ட கோப்புகளை அரசாணை எண், தேதி, துறையின் ஆங்கிலப் பெயர் ஆகியவற்றை வைத்துத் தேடுங்கள். அந்த ஆணை பற்றி வந்த பத்திரிகைச் செய்தியில் எண் இருக்கும். ஆக, முதலில் செய்தி, அதிலிருந்து எண், பிறகு ஆணை.

இ-பாஸ் தளம், பொம்மை ரயில் டிக்கெட் தளம் எது நிஜம்?

இந்தக் கேள்வி பெரும்பாலும் மேலே வரத் திட்டமிடும் உறவுக்காரர்களிடமிருந்து போனில் வரும். முதல் வேலை, முடிவுகளின் தலைமாட்டில் "ஸ்பான்சர்டு" என்று போட்டிருப்பதைத் தாண்டிக் கீழே போவது. அது காசு கொடுத்து வாங்கிய இடம்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. இதற்குக் கட்டணம் கிடையாது. எந்தத் தளமாவது பணம் கேட்டால் அங்கேயே மூடிவிடலாம். கவ் டாட் இன், நிக் டாட் இன் என்று முடியும் முகவரிகள் அரசு அமைப்புகளுக்கு மட்டும் கிடைப்பவை, அதனால் அது நல்ல அடையாளம். ஆனால் இ-பாஸ் தளமே அப்படி முடியாமல் டிஎன்ஈஜிஏ டாட் ஆர்க் என்று முடிகிறது! இப்படி விதிவிலக்கு இருப்பதால், தேடி வந்த இணைப்பை நம்புவதைவிட மாவட்ட நிர்வாகத்தின் தளமான நீல்கிரிஸ் டாட் நிக் டாட் இன்னுக்குப் போய் அங்கிருக்கும் அறிவிப்பிலிருந்து நுழைவது பத்திரம். முகவரியில் "கவ்" என்ற எழுத்து எங்கேயோ நடுவில் இருந்தால் போதாது. தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு தெரிந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்து வரும் சாய்கோட்டுக்கு முன்னால் எப்படி முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மலை ரயில் டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசி தளம்தான். சீசனில் அங்கே இடமில்லை என்றால் இல்லைதான். "உறுதியாக வாங்கித் தருகிறோம்" என்கிற பக்கங்களில் கார்டு எண்ணை அடிக்காதீர்கள்.

வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். போலி எண்களைப் பக்கங்களில் பரப்பி வைப்பது பழைய மோசடி. மேப்பில் ஒரு கிளைக்கு இருக்கும் எண்ணைக்கூட யார் வேண்டுமானாலும் திருத்தச் சொல்லிப் பரிந்துரைக்கலாம். பாஸ்புக்கிலும் ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலும் எண் இருக்கிறது, அதைப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் ஓடிபி கேட்டாலோ ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். அது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண்.

மேலே ஏஐ எழுதித் தரும் சுருக்கத்தை நம்பலாமா?

ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக வேண்டாம். பல பக்கங்களில் இருப்பதைச் சேர்த்து அது ஒரு பத்தி எழுதுகிறது. சேர்க்கிற இடத்தில்தான் கோளாறு வரும்.

குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி பழனி மலையில் 2006-லும் 2018-லும் பூத்தது. அந்தக் கணக்கில் அடுத்தது 2030. ஆனால் குறிஞ்சி இனத்தில் நிறைய வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சுற்று. அதனால் ஏதாவது ஒரு சரிவில் "குறிஞ்சி பூத்தது" என்ற செய்தி நடுநடுவே வந்துகொண்டே இருக்கும். இரண்டையும் பிரிக்காமல் ஒரே பத்தியில் போட்டால் படிக்கிறவர் கொடைக்கானலுக்கு டிக்கெட் எடுத்துவிடுவார். சுருக்கத்தின் பக்கத்தில் இருக்கும் இணைப்புகளைத் திறந்து, எந்த வகை, எந்த ஊர், எந்த ஆண்டு என்று பாருங்கள். சுருக்கமே வேண்டாம் என்றால் மேலே இருக்கும் வரிசையில் "வெப்" என்பதைத் தட்டினால் வெறும் இணைப்புகள் வரும். மருந்து, மாத்திரை, பூச்சிமருந்து அளவு ஆகியவற்றுக்கு நான் அதைத்தான் தட்டுகிறேன்.

மழைக்கு நாளை பள்ளி விடுமுறையா என்று தேடினால் போன வருஷச் செய்தி வருகிறதே?

மாணவர்களுக்கு மிக அவசரமான கேள்வி! கணினியில் "டூல்ஸ்" என்பதைத் தட்டினால் காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கடந்த 24 மணி நேரம் என்று வையுங்கள். போனில் இதே வசதி மேலே இருக்கும் வரிசையின் வலது ஓரத்தில் ஒளிந்திருக்கும், தள்ளிப் பார்க்க வேண்டும். விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். செய்தியில் அவர் அறிவித்ததாகவும் இன்றைய தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். சில தளங்கள் பழைய செய்திக்குப் புதுத் தேதி போட்டு ஏற்றும், அதனால் உள்ளே இருக்கும் கிழமையையும் கவனியுங்கள்.

மண் சரிவுப் படங்களுக்கும் இதே எச்சரிக்கை. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் பல இடங்களில் மண் சரிந்து பலர் இறந்தார்கள். அந்த மாதிரிப் பழைய படங்கள் ஒவ்வொரு மழைக்கும் வாட்ஸ்அப்பில் "இப்போது குன்னூர் சாலை" என்று சுற்ற வாய்ப்பு உண்டு. படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் அது முன்பே எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். பழைய தேதியுள்ள பக்கத்தில் அதே படம் இருந்தால் விஷயம் முடிந்தது. எதுவும் கிடைக்கவில்லை என்பதாலேயே படம் புதுசு என்று ஆகிவிடாது.

தலைகீழாக, பழைய செய்தியே வேண்டுமென்றால் ஆண்டையும் அளவையும் சேர்த்துப் போடுங்கள். "அவலாஞ்சி மழை" என்றால் இன்றைய வானிலை வரும். "அவலாஞ்சி 2019 ஆகஸ்ட் 82 செ.மீ." என்றால் அந்த ஒரே நாள் பேய்மழை பற்றிய செய்திகள் வரும்.

பிள்ளைக்கு மலை ரயில் பற்றி ப்ராஜெக்ட். ஒரு பக்கத்தில் 1899, இன்னொன்றில் 1908. எதை எழுத?

இரண்டையும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ரயில் ஓடியது, உதகை வரை பாதை நீண்டது 1908-ல். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. முரண்படுகிற இரண்டு பக்கங்கள் கிடைத்தால் ஒன்றைத் தள்ளிவிடாமல், எதற்கு எந்த ஆண்டு என்று மூன்றாவதாக ஒரு தேடல் போடுவது நல்ல பழக்கம். விக்கிப்பீடியாவை எடுத்துக் காட்டாதே என்று ஆசிரியர் சொன்னால், அந்தக் கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களுக்குப் போய் அங்கிருந்து எழுதச் சொல்லுங்கள்.

கூகுளைத் தவிர வேறு எது?

பிங், டக்டக்கோ. தேடிய வரலாற்றைச் சேர்த்து வைப்பதில்லை என்று டக்டக்கோ சொல்கிறது. தமிழுக்கு என் அனுபவத்தில் கூகுள்தான் முன்னால் நிற்கிறது.

முன்பு பார்த்த பக்கம் இப்போது திறக்கவில்லை.

அதன் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள். 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. பெரிய தளங்களின் பழைய பிரதிகள் நிறைய இருக்கும், சின்னத் தளங்கள் அதிர்ஷ்டம்தான்.

சர்வே எண்ணைப் போட்டால் பட்டாவும் வில்லங்கமும் கூகுளில் ஏன் வருவதில்லை?

அவை தரவுத்தளத்துக்குள் இருக்கின்றன. மாவட்டம், வட்டம், கிராமம், எண் என்று ஒரு படிவத்தை நிரப்பினால்தான் அந்தப் பக்கம் உருவாகும். கூகுளின் நிரல் படிவத்தை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்காது. அதனால் பட்டாவுக்குத் தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளம், வில்லங்கத்துக்குப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளம் என்று நேராகப் போய், அங்கே இருக்கும் பெட்டியில் எண்ணைப் போட வேண்டும். தேர்வு முடிவு, ரயில் இருக்கை நிலவரம், வாக்காளர் பட்டியல் எல்லாம் இதே வகை. கூகுளில் தேட வேண்டியது தளத்தின் பெயரை மட்டும். வில்லங்கம் பார்க்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், அதில் தவறினால் நிலம் இருந்தும் பதிவு இல்லை என்று காட்டும்.